புழுக்கத்தில் இயங்கும் எரிகலம்: காற்றுக் குளிர்விப்பின் வரலாறு

பத்துமலையின் 272 படிகளையும் நண்பகலில் ஏறி முடித்தவர்க்கு ஓர் உண்மை உடலாலேயே விளங்கிவிடும். வெயில் மட்டுமே நம்மை வாட்டுவதில்லை. வியர்வை உலராமல் தோலின்மேல் தங்கிவிடுவதுதான் பெரிதும் வாட்டுகிறது. குகையின் நிழலை அடைந்து, மேலேயுள்ள திறப்பின் அடியில் சற்று நின்ற பின்னரே மூச்சு சீராகிறது. தைப்பூசத்தன்று காவடி சுமந்து வருவோர்க்கு உடன்வருவோர் விசிறுவதும், வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் அமைப்பதும் இவ்வுண்மையை அறிந்த மக்களின் ஏற்பாடுகளே. உழைக்கும் உடல் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். அதற்குக் காற்றும் வேண்டும், நீரும் வேண்டும்.

இந்நிலையைக் குறிக்கத் தமிழில் தனிச்சொல் ஒன்று உண்டு. வெப்பம், வெம்மை, அனல் என்பன சூட்டை மட்டுமே சுட்டுவன. 'புழுக்கம்' என்பதோ ஈரமும் சூடும் ஒன்றுகூடிய நிலையைச் சுட்டுவது. நெல்லை நீரிலும் ஆவியிலும் அவிப்பதைப் புழுக்குதல் என்கிறோம். அவ்வாறு ஆக்கப்பட்டது புழுங்கல் அரிசி. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நாம் ஆண்டு முழுவதும் புழுக்கத்திலேயே வாழ்கிறோம். நாம் மட்டுமல்லோம், நம்மிடையே இயங்கும் ஒவ்வோர் இயந்திரமும் அதிலேயே இயங்குகிறது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அத்தகைய இயந்திரங்களுள் புதியதாகக் கருதப்படும் ஒன்றை: ஹைட்ரஜன் எரிகலத்தை. அதனைக் காற்றால் குளிர்விக்கும் முயற்சி எங்கே தொடங்கிற்று, எவ்வழியே வளர்ந்தது, நம் நாட்டுக் காற்றில் அது சந்திக்கும் சிக்கல் யாது என்பவற்றை வரலாற்று முறையில் காண்போம்.

ஆறும் மின்னிலையமும்

முதலில் ஒரு பொது உண்மை. எரிபொருளிலிருந்து மின்சாரம் எடுக்கும் எந்த அமைப்பும் அதன் ஆற்றல் முழுவதையும் மின்சாரமாக்குவதில்லை. பெரும்பகுதி வெப்பமாகவே எஞ்சுகிறது. அவ்வெப்பத்தை எங்கே கொண்டுபோய் விடுவது என்னும் கேள்விதான் மின்னிலையங்களின் இருப்பிடத்தை முடிவு செய்து வந்துள்ளது. பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சாரில் 1920-களில் எழுந்த மின்னிலையமும், கிள்ளானில் 1953-இல் இயங்கத் தொடங்கிய கனாட் பிரிட்ஜ் மின்னிலையமும் கிள்ளான் ஆற்றையொட்டி அமைந்தன. நீராவியைக் குளிர்விக்க ஆற்றுநீர் தேவைப்பட்டது. பத்து ஆராங்கின் நிலக்கரியைத் தொடர்வண்டி வேறோர் ஊருக்குச் சுமந்து செல்லலாம். ஆற்றைச் சுமந்து செல்ல இயலாது.

ஆறில்லாத இடத்தில், குழாயும் நீரேற்றியும் இல்லாமல், சுற்றியுள்ள காற்றினாலேயே தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் மின்னாக்கி ஒன்று இருக்குமாயின் அதனை எங்கும் கொண்டு செல்லலாம். காற்றால் குளிரும் எரிகலத்தின் மீதுள்ள விருப்பத்திற்கு இதுவே அடிப்படை.

தீயில்லாத எரிதல்

'எரிகலம்' என்னும் சொல்லைக் கேட்கும் மாணவர் உள்ளே தீ எரிவதாக எண்ணக்கூடும். அங்கே தீ இல்லை. ஒருபுறம் ஹைட்ரஜன், மறுபுறம் காற்றிலுள்ள ஆக்சிஜன், நடுவே மெல்லிய சவ்வு. ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து பிரியும் எலக்ட்ரான்கள் வெளிச்சுற்றின் வழியாகச் சென்று மின்னோட்டமாகின்றன. புரோட்டான்கள் சவ்வின் வழியாக மறுபுறம் செல்கின்றன. அங்கே அவை ஆக்சிஜனோடு கூடி நீராகின்றன. புகையில்லை, ஓசையில்லை. ஆனால் வெப்பம் உண்டு.

இக்கருத்தின் தோற்றம் 1839-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய கிறிஸ்டியன் ஷான்பைனும், வேல்சில் பிறந்த வழக்கறிஞரும் அறிவியலாளருமான வில்லியம் குரோவும் அவ்வாண்டில் இதன் அடிப்படையைக் கண்டனர். குரோவ் 1842-இல் வளிமின்கலம் ஒன்றை அமைத்துக் காட்டினார். கந்தக அமிலத்தில் நின்ற கண்ணாடிக் குழாய்களாலான அக்கருவி தந்த மின்சாரம் மிகச் சிறிது. ஆகவே வெப்பத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவை அப்போது எழவில்லை.

தேவை எழுந்த ஆண்டு 1889. லுட்விக் மாண்ட், கார்ல் லாங்கர் என்னும் இருவர் இங்கிலாந்தில் குரோவின் கருவியைத் தொழிற்பயனுக்கு ஏற்றதாக்க முயன்றனர். நீர்மமாகத் தளும்பும் அமிலத்திற்கு மாற்றாக, நுண்துளையுள்ள தகட்டில் அமிலத்தை ஊறவைத்துப் பயன்படுத்தினர். மின்னோட்டம் கூடியது, உடன் வெப்பமும் கூடியது. ஹைட்ரஜனின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி மின்சாரமாகவும் மறுபாதி வெப்பமாகவும் போவதைக் கண்ட அவர்கள் ஓர் எளிய வழியைக் கைக்கொண்டனர். வினைக்குத் தேவையானதைவிட மிகுதியான காற்றைக் கலத்தினூடே செலுத்தினர். அக்காற்று வெப்பத்தைக் கொண்டு சென்றது. வினையில் விளைந்த நீரையும் ஆவியாக உடன் கொண்டு சென்றது. கலம் ஏறத்தாழ 40 பாகை செல்சியஸில் நிலைத்தது. பிளாட்டினத் துகள் நீரில் நனைந்தால் செயலிழப்பதையும் அவர்கள் கண்டிருந்தனர். ஆகவே நீர் தேங்கவும் விடலாகாது, தகடு உலரவும் விடலாகாது.

காற்றுக் குளிர்விப்பின் முழுச் சிக்கலும் அன்றே வெளிப்பட்டுவிட்டது என்பது நாம் கருத்தில் கொள்ளத்தக்கது. வெப்பம், ஈரம், காற்று ஆகிய மூன்றும் ஒரே கயிற்றில் கட்டுண்டவை. ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் அசையும். பத்துமலைக் குகையில் தம்புசாமிப் பிள்ளை முருகனுக்குக் கோயில் எழுப்ப முனைந்ததும், 1892 முதல் அங்கே தைப்பூசம் கொண்டாடப்படலானதும் இதனையடுத்த ஆண்டுகளில்தான். அன்று மாண்ட் செலுத்திய காற்று இங்கிலாந்தின் குளிர்ந்த காற்று. அவருடைய 40 பாகைக் கலத்திற்கு அது தாராளமாகப் போதுமானதாக இருந்தது. அதே கலத்தைக் கோலாலம்பூரின் நண்பகல் காற்றில், 33 பாகையில் வைத்திருந்தால், இடைவெளி 7 பாகையாகச் சுருங்கியிருக்கும்.

காற்றில்லா வெளியில்

இதன்பின் எரிகலத்தின் வரலாறு காற்றை விட்டு நெடுந்தொலைவு விலகிச் சென்றது. பிரான்சிஸ் தாமஸ் பேக்கன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1932-இல் தொடங்கிய முயற்சி, 1959-இல் 5 கிலோவாட் ஆற்றலுள்ள அமைப்பாகக் கனிந்தது. காரநீரைக் கொண்டு, உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் இயங்கியது அது. அதன் வழிவந்த கலங்களே அப்போலோ விண்கலங்களுக்கு மின்சாரமும் குடிநீரும் தந்தன.

மற்றொரு கிளை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் தோன்றியது. அங்கே தாமஸ் கிரப் 1955-இல் திண்மச் சவ்வைப் பயன்படுத்தும் கலத்தை உருவாக்கினார். லெனார்ட் நீட்ராக் அச்சவ்வின்மேல் பிளாட்டினத்தைப் படியச் செய்யும் முறையைக் கண்டார். இன்று நாம் காணும் சவ்வு எரிகலங்கள் யாவும் இக்கிளையைச் சேர்ந்தவை. 1965 ஆகஸ்டில் ஜெமினி 5 விண்கலம் இவ்வகைக் கலங்களைச் சுமந்து சென்றது. விண்வெளியில் காற்று இல்லை. ஆகவே குளிர்நீர்மம் ஒன்று குழாய்களில் சுழன்று, வெப்பத்தை விண்கலத்தின் புறத்தேயுள்ள தகடுகளுக்குக் கொண்டு சென்றது. எரிகலம் என்றாலே நீர்மக் குளிர்விப்பு என்னும் வழக்கம் இவ்வாறு வேரூன்றிற்று. பேருந்துகளையும் மகிழுந்துகளையும் இயக்கும் பெரிய எரிகலங்கள் இன்றளவும் அவ்வழியையே பின்பற்றுகின்றன.

மீண்டும் காற்றுக்கு

சிறிய கலங்களுக்கு அவ்வழி சுமையாயிற்று. நீரேற்றி, குழாய், வெப்பமாற்றி ஆகியவற்றின் எடையும் விலையும் கலத்தின் எடையையும் விலையையும் நெருங்கிவிடும். ஆகவே 2000-களின் தொடக்கத்தில் ஒரு கிலோவாட் அளவிலான கலங்கள் மீண்டும் காற்றை நாடின. கனடாவின் பல்லார்டு நிறுவனம் 2001-இல் வெளியிட்ட 1.2 கிலோவாட் நெக்சா அமைப்பு மின்விசிறியால் குளிர்விக்கப்பட்டது. பல பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் மாணவர்களின் கைக்கு எட்டியது. அதில் வினைக்கான காற்றும் குளிர்விக்கும் காற்றும் தனித்தனி வழியே சென்றன. அடுத்து, இரண்டையும் ஒரே வழியில் செலுத்தும் திறந்தவெளிக் கலங்கள் பரவின. நம் அண்டைநாடாகிய சிங்கப்பூரில் 2003-இல் தோன்றிய ஹொரைசன் நிறுவனம் இவ்வகைச் சிறு கலங்களைப் பள்ளிகள்வரை கொண்டு சேர்த்தது. 2011-இல் சுசுகி நிறுவனத்தின் பர்க்மன் எரிகல ஸ்கூட்டர் ஐரோப்பிய ஒன்றியத்தின் வாகன ஒப்புதலைப் பெற்றது. அதில் இருந்ததும் காற்றால் குளிரும் கலமே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நம் தெருக்களில் ஓடும் மோட்டார் சைக்கிள்கள் பலவும் காற்றால்தானே குளிர்கின்றன? இயந்திரத்தின்மேல் வரிவரியாக அமைந்த உலோகத் தகடுகள் போதுமானவையாக இருக்கும்போது, எரிகலத்திற்கு மட்டும் ஏன் இத்தனை சிக்கல்?

காரணங்கள் இரண்டு. பெட்ரோல் இயந்திரத்தின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடான புகையோடு வெளியேறிவிடுகிறது. எரிகலத்திற்கு அத்தகைய வடிகால் இல்லை. மேலும் இயந்திரத்தின் உலோகப் பரப்பு 100 பாகையைத் தாண்டிச் சுடும். காற்றுக்கும் அதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. திறந்தவெளி எரிகலமோ 55 முதல் 65 பாகைக்குள் இயங்க வேண்டியது. அதற்கு மேல் சூடேறினால் சவ்வு உலர்ந்து, புரோட்டான்களைக் கடத்தும் திறனை இழந்துவிடும்.

ஒரு கணக்கு

ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டத்தக்க கணக்கு ஒன்றை இங்கே தருகிறோம். ஒவ்வொரு கலமும் 0.65 வோல்ட்டில் இயங்கும் ஒரு கிலோவாட் அடுக்கை எடுத்துக்கொள்வோம். அது ஒரு கிலோவாட் மின்சாரம் தரும்போது ஏறத்தாழ 1.25 கிலோவாட் வெப்பத்தையும் வெளியிடும். விளையும் நீர் மணிக்கு அரை லிட்டர் அளவு. அது முழுவதும் ஆவியாகிச் சென்றால் 0.35 கிலோவாட் வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோகும். எஞ்சிய 0.9 கிலோவாட்டைக் காற்றுதான் சுமக்க வேண்டும். உள்ளே வந்த காற்று 20 பாகை சூடேறி வெளியேறுவதாகக் கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 45 கிராம் காற்று, அதாவது 40 லிட்டர், தேவைப்படும். வேதிவினைக்கு மட்டும் வேண்டிய காற்றோ நொடிக்கு அரை கிராமுக்குச் சற்றே மிகுதி. ஆகவே கலம் உண்பதற்கு ஒரு பங்கு காற்று. அதனைக் குளிர்விக்க 80 பங்குக்கு மேல்.

இத்தனை காற்றும் மெல்லிய சவ்வின் அருகே ஓடினால் ஈரத்தைத் துடைத்துச் சென்றுவிடும். காற்றைக் குறைத்தால் கலம் சூடேறி உலர்கிறது. கூட்டினால் காற்றோட்டத்தாலேயே உலர்கிறது. 1889-இல் கண்ட அதே கயிறு இங்கும் இருபுறமும் இழுக்கிறது.

புழுக்கத்தின் இரு முகங்கள்

இனி நம் காற்றுக்கு வருவோம். கலம் 60 பாகையில் இயங்குவதாகக் கொள்வோம். 10 பாகைக் காற்றுள்ள நாட்டில் இடைவெளி 50 பாகை. கோலாலம்பூரின் 33 பாகைக் காற்றில் 27 பாகை. இடைவெளி ஏறத்தாழப் பாதியாவதால் காற்று இருமடங்கு வேண்டும். ஒரே விசிறியை இருமடங்கு காற்றுத் தரச் செய்ய அதற்குரிய மின்திறன் எட்டு மடங்காகும் என்பது விசிறிகளின் பொதுவிதி. குளிர்நாட்டில் 10 வாட் உண்ட விசிறி இங்கே 80 வாட் உண்ணும். சந்தையில் கிடைக்கும் சில சிறு கலங்களின் கையேடுகள், சுற்றுப்புற வெப்பத்தின் மேல்வரம்பு 30 பாகை எனக் குறிப்பிடுகின்றன. அவ்வரம்பை நம் ஊர்க் காற்று பெரும்பாலான நாள்களில் நண்பகலுக்கு முன்பே கடந்துவிடுகிறது.

இது புழுக்கத்தின் ஒரு முகம். மற்றொரு முகம் நமக்கு உதவுவது. 10 பாகையிலும் 60 விழுக்காடு ஈரப்பதத்திலும் உள்ள காற்றைக் கலத்தினுள் 55 பாகைக்குச் சூடேற்றினால் அதன் ஒப்பு ஈரப்பதம் 5 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கிவிடும். 32 பாகையிலும் 65 விழுக்காடு ஈரப்பதத்திலும் உள்ள நம் காற்றை அதே அளவு சூடேற்றினால் ஏறத்தாழ 20 விழுக்காடு எஞ்சும். அதாவது நம் காற்று சவ்வை உலர்த்துவதில் குளிர்நாட்டுக் காற்றைவிடக் கருணை மிக்கது. வெப்பத்தால் நாம் இழப்பதில் ஒரு பகுதியை ஈரத்தால் மீட்கலாம். ஆனால் அந்த மீட்பு தானாக நிகழாது. விசிறியின் வேகம், காற்றுவழியின் ஆழம், கலத்தின் இயங்கு வெப்பம் ஆகிய அனைத்தும் இக்காற்றுக்கென அளந்து அமைக்கப்பட வேண்டும்.

குளிர்விப்பை மேம்படுத்தக் கையாளப்படும் வழிகள் சிலவற்றைச் சுருக்கமாகக் காண்போம். விசிறி காற்றை ஊதித் தள்ளுவதினும், மறுபுறத்திலிருந்து உறிஞ்சி இழுப்பது பெரும்பாலும் எல்லாக் கலங்களுக்கும் சீராகக் காற்றைப் பகிர்ந்தளிக்கிறது. நடுவேயுள்ள கலங்களே மிகுதியாகச் சூடேறுவதால் இச்சீர்மை இன்றியமையாதது. கலங்களுக்கிடையே மெல்லிய கிராஃபைட் தாள்களை வைத்து, வெப்பத்தைப் பக்கவாட்டில் ஓரத்திற்குக் கடத்தி, அங்கே துடுப்புகளின்மேல் காற்றை வீசச் செய்வது மற்றொரு வழி. காற்று சவ்வைத் தொடாமலேயே வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. சிறிதளவு நீரைக் காற்றுவழியில் ஆவியாகவிட்டுக் குளிர்விப்பது மூன்றாவது வழி. நம் காற்று ஏற்கெனவே ஈரமுள்ளதாயிற்றே, நீர் எவ்வாறு ஆவியாகும் என வினவலாம். வெளியில் ஈரமாக உள்ள காற்று, கலத்தினுள் சூடேறியதும் மேலும் நீரை ஏற்கும் இடத்தைப் பெறுகிறது என்பதை மேற்கண்ட 20 விழுக்காடு காட்டும்.

நம் நிலத்து முயற்சிகள்

இத்துறையில் நம் வட்டாரம் வெறுங்கையோடு நிற்கவில்லை. பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் எரிகலத்திற்கென்றே தனி ஆய்வுக் கழகம் நடத்துகிறது. ஷா ஆலாமிலுள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எரிகலக் குளிர்விப்புப் பற்றிய ஆய்வுகள் நடைபெற்றுள்ளன. இரண்டும் பத்துமலையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ளவை. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தினர் திறந்தவெளிக் கலங்களின் காற்றோட்டத்தைக் கணினிவழி ஆராய்ந்துள்ளனர். சரவாக்கின் கூச்சிங் நகரில் 2019 மே மாதம் ஹைட்ரஜன் ஆக்கமும் நிரப்பு நிலையமும் தொடங்கப்பட்டன. 2023 அக்டோபரில் மலேசிய அரசு ஹைட்ரஜன் பொருளியலுக்கும் தொழில்நுட்பத்திற்குமான வழிகாட்டுத் திட்டத்தை வெளியிட்டது.

தமிழகத்தில், சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில் இயங்கும் எரிகலத் தொழில்நுட்ப மையம், விரிவாக்கப்பட்ட கிராஃபைட்டால் கலத்தகடுகள் செய்யும் முறையை வளர்த்துள்ளது. சென்னையின் காற்றும் கோடையில் 40 பாகையைத் தொடுவது. அங்கே கற்ற பாடம் இங்கும் பயன்படும். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2024 ஜனவரி முதல் நாளில் ஏவிய பி.எஸ்.எல்.வி. சி-58 ஏவுகலத்தின் வழியே, 100 வாட் வகையைச் சேர்ந்த சவ்வு எரிகலம் ஒன்றை விண்வெளியில் இயக்கிப் பார்த்தது. 180 வாட் மின்சாரம் பெறப்பட்டது. விண்வெளிக்கும் புழுக்கம் நிறைந்த தெருவுக்கும் ஒரே கருவி பொருந்தாது. ஆயினும் சவ்வும் தகடும் செய்யக் கற்ற கைகள் இரண்டுக்குமான கருவிகளைச் செய்ய வல்லவை.

மாணவர்க்கு ஒரு பணி

மாண்ட் தம் காற்றை அளந்தார். தம் கலத்தை அதற்கேற்ப அமைத்தார். அவருக்குப் பின் வந்தோரும் தத்தம் நிலத்துக் காற்றையே அளந்தனர். ஆகவே கையேட்டில் அச்சாகும் வரம்பு இயற்கையின் வரம்பு அன்று; ஒரு நிலத்தில் அளக்கப்பட்டதன் வரம்பு. நம் காற்றை நாம் அளக்காதவரை, பிறர் காற்றுக்கென அமைந்த கருவியை வாங்கி, அது இங்கே சோர்வதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அளப்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. பள்ளிக்கென விற்கப்படும் சிறிய காற்றுவழி எரிகலம் ஒன்று, மின்னழுத்தமானி ஒன்று, உலர்குமிழும் ஈரக்குமிழும் உள்ள வெப்பமானிகள் இரண்டு, வேகம் மாற்றத்தக்க சிறு விசிறி ஒன்று ஆகியவை போதும். சன்னல்கள் திறந்த அறையில், ஆசிரியரின் மேற்பார்வையில், அருகில் தீப்பொறி ஏதும் இல்லாதவாறு, காலை எட்டு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் மழை பெய்து ஓய்ந்த பின்னரும் ஒரே சுமையில் கலத்தை இயக்கி, வெப்பம், ஈரப்பதம், மின்னழுத்தம் ஆகிய மூன்றையும் குறித்து வரலாம். ஒரு பருவம் முடிவதற்குள், புழுக்கம் கலத்தைக் கெடுப்பது எப்போது, காப்பது எப்போது என்பது அக்குறிப்பேட்டிலிருந்தே தெரியவரும்.

அக்குறிப்பேடு தமிழில் எழுதப்படட்டும். குளிர்நாட்டு ஆய்வாளர் இரண்டு எண்களாகக் குறித்த நிலையை ஒரே சொல்லில் உணர்ந்த மொழி நம்முடையது. அச்சொல்லுக்குரிய எண்களையும் நாமே கண்டு சேர்ப்பது, அம்மொழியைக் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் உரிய கடமையாகும்.